உப்புத்தாள் வேண்டாம்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியடியில் ஒரு சாண் நீள இரும்புச் சாமான் கிடந்தது. ஒருமுனை கூர், மறுமுனை சின்னக் கத்தி. இரண்டும் பித்தளைப் பிடிக்குள் மடங்கும். தோல் தைக்கிற ஊசி என்றார் மாமா. பாக்கு சீவ என்றாள் அத்தை. கத்தியும் கூரும் ஏன் ஒரே பிடியில் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்: கத்தி பனையோலையை நறுக்க, கூர் அதில் எழுத. மடக்கெழுத்தாணி! இடக் கைக் கட்டைவிரல் நகத்தில் பிறைபோல் குடைந்து, அதில் எழுத்தாணியை ஊன்றி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதிய கைகளின் கருவி.

வயதுதான் சிக்கல். ஊர்க் கொல்லர் அடித்த சாமானில் ஆண்டு முத்திரை ஏது? 1835-இல் இந்தியர் அச்சகம் நடத்தத் தடை நீங்கிய பிறகும் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தாணி பல பத்தாண்டுகள் நீடித்தது. அதனால் வடிவத்தைப் பார்த்ததுமே ‘இருநூறு வருஷம்’ என்று அடித்துச் சொல்வது தப்பு. கூடவே சுவடி கிடந்தால் அதன் கடைசி ஏட்டைப் பாருங்கள். எழுதி முடித்த தமிழ் வருஷப் பெயர் இருக்கலாம். அதுவும் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர்தான். பிடியில் வெட்டிய பெயர், சம்மட்டித் தடம், விரல் பட்டுத் தேய்ந்த இடம் எல்லாமே சாட்சி. சித்தப்பா மகன் துருவைத் தேய்க்க உப்புத்தாளோடு வந்தான். பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.