மக்கள் உள்ளம் அறியாமல் மக்களுக்காகப் பேசுவதா?

மேடை ஏறுவோர் எவரும் "மக்கள் விழைவது இதுவே" என்று முழங்காமல் இறங்குவதில்லை. அரசுக் கட்டிலில் இருப்போரும் அதையே கூறுவர். அதனின்று இறக்கப்பட்டோரும் அதையே கூறுவர். மொழிக்காகவும் இனத்துக்காகவும் உழைக்கும் இயக்கத்தாரும் இதற்கு விலக்கல்லர். ஆயின், அம்மக்களைக் கேட்டவர் எவர்? எத்தனை பேரைக் கேட்டார்? எம்மொழியில், எச்சொல்லால் கேட்டார்? இவ்வினாக்களுக்கு விடைகூற இயலாதார் மக்கள் பெயரால் பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

இது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. மண்ணையே இழக்கச் செய்யவல்ல வினா. அதற்குக் குமரி மாவட்டத்தின் பிறப்பே சான்று. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துள் சிக்கியிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைதல் வேண்டும் என்று மார்சல் நேசமணி முதலானோர் போராடினர். 1954ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு 12 இடங்களில் வென்றது. அவ்வாண்டு ஆகசுட்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டதில் தமிழர் குருதி சிந்தி மாண்டனர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தெற்கிலிருந்த நான்கு வட்டங்களும் குமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் வந்து சேர்ந்தது. எஞ்சியவை கைவிட்டுப் போயின.

தேவிகுளம் போனது ஏன்? அங்குத் தமிழ் பேசுவோரே மிகுதி என்பதை 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கே காட்டிற்று. எனினும், பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம், அவருள் பலர் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து போகும் உழைப்பாளர், நிலைகொண்ட குடிகள் அல்லர் என்று கூறி அவ்வெண்ணிக்கையைப் புறந்தள்ளியது. குடிக்கணக்கு ஒருவரின் தாய்மொழி எது என்று கேட்கும்; அவர் எத்தனை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்கிறார், எந்த மாநிலத்தோடு வாழ விழைகிறார் என்று கேட்பதில்லை. கேட்கப்படாத அவ்வினாக்களின் வெற்றிடத்தில் ஆணையத்தின் கருத்தே மக்கள் கருத்தாக அமர்ந்தது. வீடுதோறும் சென்று திரட்டிய கருத்தாய்வு ஒன்று தமிழர் கையில் இருந்திருப்பின் முடிவு மாறியிருக்கும் என்று அறுதியிட இயலாது. ஆனால், அத்துணை எளிதாகத் தள்ளியிருக்க இயலாது என்பது உறுதி.

மக்களைக் கேட்டறிவதைத் தனி அறிவியலாகவே வளர்த்தவர் அமெரிக்கர். அவரும் தோற்றுத்தான் கற்றனர். 1936ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் 'இலிட்டரரி டைசெசுட்டு' என்னும் இதழ் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வினாத்தாள் விடுத்தது. 23 இலக்கத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர். இலாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. 48 மாநிலங்களுள் 46இல் உரூசுவெல்டு வென்றார். ஏறத்தாழ 50,000 பேரை மட்டுமே கேட்ட கேலப் என்பவர் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். தொலைபேசியும் மகிழுந்தும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்தே இதழ் பெயர் பொறுக்கியது. பொருள்முடையால் நலிந்த ஏழையர் அதில் இடம்பெறவில்லை. விடை எழுத மனங்கொண்டோர் மட்டுமே எழுதியது மற்றொரு பிழை. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட எவரெவரைக் கேட்டோம் என்பதே முதன்மை என்னும் பாடத்தை உலகம் அன்று கற்றது. 1948 முதல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தேர்தல்தோறும் வாக்காளரை நேரிற் கண்டு வினவத் தொடங்கினர்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று தமிழர் கூறுவர். ஒரே நெல்லரிசி ஒரே உலையில் வெந்தால்தான் அது பொருந்தும். குமரி மாவட்டம் அத்தகு ஒற்றைப் பானையா? தோவாளையின் வயல்வெளியில் வாழும் உழவர் ஒருவகை. விளவங்கோட்டு மேட்டில் இரப்பர்ப் பால் வடிப்போர் வேறுவகை. குமரிமுனை தொடங்கி நீரோடி வரை கடலை நம்பி வாழ்வோர் மற்றொரு வகை. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளில் வாழும் காணிக்காரர் பிறிதொரு வகை. நாகர்கோயில் கடைத்தெருவில் நூறு பேரைக் கேட்டுவிட்டுக் 'குமரி மக்கள் கருத்து' என்று எழுதுவது, இலிட்டரரி டைசெசுட்டு செய்த பிழையைச் சிற்றளவிற் செய்வதே ஆகும்.

ஆளைத் தேர்வதினும் அரிது சொல்லைத் தேர்வது. மக்களாட்சிக்கு எதிரான பேச்சைத் 'தடை செய்யலாமா?' என்று அமெரிக்கரைக் கேட்டபோது ஆம் என்றோர் தொகை ஒன்று. அப்பேச்சுக்கு 'இசைவு தரலாமா?' என்று கேட்டபோது கூடாது என்றோர் தொகை அதனினும் மிகுதி. 'அரசு நலத்தொகை' என்றால் முகஞ்சுளிப்போரும் 'ஏழையர்க்கு உதவி' என்றால் இசைகின்றனர் என்பதை அந்நாட்டுப் பொதுக் குமுகாய ஆய்வு காட்டியுள்ளது. சொல் மாறினால் விடை மாறும் என்பது தமிழ் இயக்கத்தாருக்குப் புதுமை அன்றே!

ஆங்கிலத்தில் எழுதி அரைகுறையாய்ப் பெயர்த்த வினாத்தாள் தமிழர் உள்ளத்தை எங்ஙனம் திறக்கும்? தமிழிலேயே எழுதினும் இடமறிந்து எழுதுதல் வேண்டும். "உங்கள் தெருவுக்கு வெள்ளம் வருகிறதா?" என்று மதுரையிற் கேட்டால் பெருக்கெடுத்து அழிக்கும் நீரை நினைப்பர்; குமரியின் மேலைப்பகுதியிற் கேட்டால் குடிநீரை நினைப்பர். இரண்டும் தூய தமிழே. ஊர் வழக்கை மதியாத தூய்மை ஊமையாகவே நிற்கும்.

கருத்தாய்வை வேதவாக்காய்க் கொள்வதும் தவறு. 1956, 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் அதே அமெரிக்கரிடம் அதே வினாக்களைக் கேட்டபோது பலர் விடைகள் காசைச் சுண்டியதுபோல் மாறியதைப் பிலிப்பு கான்வர்சு 1964இல் எடுத்துக்காட்டினார். கருத்தே இல்லாதவரும் கேட்டால் ஏதேனும் ஒரு விடை தருவர். 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் பா.ச.க. கூட்டணி 350 இடங்களைத் தாண்டும் என்று பல வாக்குக் கணிப்புகள் கூறின, கிட்டியவை 293. விரைந்து கேட்டு, விரைந்து விற்கும் கணிப்பு வேறு. பொறுத்துக் கேட்டு, முறையை வெளிப்பட வைக்கும் ஆய்வு வேறு.

"கொள்கையைத் தலையெண்ணியா முடிவு செய்வது?" என்று சிலர் சினப்பர். அன்று. நாடி பார்க்கும் மருத்துவர் நோயிடம் இசைவு கேட்பதில்லை; எம்மருந்தை, எவ்வளவில் தருவது என்றே அறிகிறார். தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு விடுப்பது ஏன்? வேலை கருதியா, மதிப்புக் கருதியா, அருகில் வேறு பள்ளி இன்மையாலா? பெயரும் வழிபாடும் கடைப்பலகையும் தமிழில் அமைவதை அவர் மெய்யாகவே விழைகின்றனரா? இவற்றின் விடை அறியாமல் எழுதும் கட்டுரையும் எழுப்பும் முழக்கமும் இருளில் எய்த அம்புகளே.

எல்லைக்காகப் போராடி வென்ற குமரி மண்ணிலேயே இப்பணி தொடங்குக. கடற்கரையும் மலையும் வயலும் தோப்பும் விடுபடாமல் வீடுகளைத் தேர்க; ஆடவரையும் பெண்டிரையும் ஒப்பக் கேட்க; அவரவர் நாவில் வழங்கும் தமிழில் கேட்க; வந்த விடையைக் கூட்டாமல் குறைக்காமல் வெளியிடுக. விடை கசப்பாயிருப்பினும் வெளியிடுக! தேவிகுளத்துத் தமிழரின் உள்ளத்தை அன்று பிறர் எழுதினர். இழப்புத் தமிழர்க்கு ஆயிற்று. தன் மக்களைத் தானே கேளாத இனத்துக்கு அவ்விழப்பு மீண்டும் நேராது என்று எவர் உறுதி கூறுவார்?