சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

சேலையூரில் குடியிருப்பவனுக்கு அலாரம் தேவையில்லை. விமானப்படைக்காரர்கள் காலையிலேயே தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். சத்தம் இல்லாவிட்டால்தான் 'என்னாச்சு?' என்று எழுந்து பார்ப்பேன்.

2016 ஜூலை 22 காலை எட்டரைக்கு ஒரு ஏ.என்.-32 தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. 29 பேர். நான் அப்போது ஷேர் ஆட்டோவில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்திருப்பேன். வங்கக்கடல் மேல் இடிமேகங்கள். முக்கால் மணி நேரத்தில் விமானத்தைக் காணோம். கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி எல்லாம் தேடியும் ஒரு துரும்புகூட அகப்படவில்லை. கடைசியில் 'இறந்துவிட்டதாகக் கருதுகிறோம்' என்று வீடுகளுக்குக் கடிதம் போனது.

கருதுகிறோம்!

நான் பி.காம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்டில் நிறுத்திவைப்போம். வருஷக் கடைசிக்குள் அதை முடிக்காவிட்டால் ஆடிட்டர் விடமாட்டார். ஒரு மனுஷனை எத்தனை வருஷம் அப்படி நிறுத்திவைப்பது? திவசம் கொடுப்பதா, இல்லை ராத்திரி வாசல் கதவைத் தாழ் போடாமல் வைப்பதா?

இதைவிடப் பழைய பாக்கி ஒன்று இமயமலையில் இருந்தது. 1968 பிப்ரவரி 7. சண்டிகரிலிருந்து லே போன ஏ.என்.-12, 102 பேரோடு. லேயில் வானிலை மோசம். பைலட் திரும்பினார். ரோதங் கணவாய்ப் பக்கம் மலையில் மோதி, பனிக்குள் போய்விட்டது. பனியாறு நிஜமாகவே ஆறுதான், கண்ணுக்குத் தெரியாமல் கீழே நகரும். விழுங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பும். 2003-ல் மலையேறப் போனவர்கள் சிதைவுகளைப் பார்த்தார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் நாலு உடல்கள் கிடைத்தன. ஒருவர் 22 வயதில் போன கேரளத்துச் சிப்பாய். 56 வருஷம் கழித்து, வயதாகிவிட்ட உடன்பிறந்தவர்கள் அவரை ஊரில் அடக்கம் செய்தார்கள்.

கடல் துப்பாது. நாம்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். பார்த்தது யார் தெரியுமோ? பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம். தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். எனக்கு அது டிராஃபிக் நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். அவர்கள் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவுகளைப் படம் எடுத்து வந்தது. ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போகிறது, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போனதாகத் தகவல் இல்லை என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள்.

நேற்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த பையனிடம் இதைச் சொன்னேன்.

"ஏழரை வருஷம் கழிச்சு போட்டோ எடுத்து என்ன சார் பிரயோஜனம்?" என்றான்.

பதில் சொல்வதற்குள் அவனுக்கு போன் வந்தது.

"பள்ளிக்கரணை தாண்டிட்டேன்மா. அரை மணி நேரத்துல வந்துடுவேன். நீ சாப்பிடு."