தலைச்சாயமும் மரபணுவும்: சான்று காட்டும் பொறுப்பு யாருக்கு?

"தலைக்கு டை அடித்தால் புற்றுநோய் வருமா?" கரடியூரிலிருந்தும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள பிற சிற்றூர்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோர் கேட்கும் வினா இது. வீட்டில் சாயம் பூசிக்கொள்வதால் புற்றுநோய் வரும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் இந்த வினாவிற்குரிய சான்றைச் சாயத்தைத் தயாரிப்பவரே மக்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலையான கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா ஃபினைலின் டையமின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இத்தகைய பொருள்கள் முடியோடு நிற்பதில்லை. தலைத்தோலின் வழியே சிறிதளவு உடலுக்குள்ளும் செல்கின்றன. அவை உயிரணுவின் மரபணுவைச் சிதைக்குமா என்று அறிவதே மரபணுப் பாதுகாப்புச் சோதனை.

அமெரிக்க அறிவியலாளர் புரூஸ் ஏம்ஸ் இதற்கு எளிய வழி கண்டார். ஹிஸ்டிடின் என்னும் சத்தைத் தானே தயாரிக்க இயலாத பாக்டீரியாவை, அச்சத்து மிகக் குறைந்த தட்டில் வளர்த்து, சோதிக்க வேண்டிய பொருளைச் சேர்ப்பர். கல்லீரல் சாற்றையும் சேர்ப்பதுண்டு; உடலுக்குள் அப்பொருள் எவ்வாறு உருமாறும் என்பதை அது காட்டும். மரபணு மாறினால் பாக்டீரியா பெருகித் தட்டில் புள்ளிகளாகத் தெரியும். 1975ஆம் ஆண்டில் இவ்வாறு சோதித்த 169 சாயங்களுள் 150 மரபணு மாற்றத்தை உண்டாக்கின. இது எச்சரிக்கை மணியே. நோய்க்கான தீர்ப்பு அன்று. மனித உயிரணுக்களில் குரோமோசோம்கள் உடைகின்றனவா என்று அடுத்த நிலையில் பார்க்க வேண்டும். அந்த மணி ஒலித்தபின் பல நிறுவனங்கள் தங்கள் சாயங்களின் கலவையை மாற்றின.

2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 22 சாயப் பொருள்களுக்குத் தடை விதித்தது. அவற்றின் பாதுகாப்புக்கான சான்றுகளைத் தொழில்துறை அளிக்காததே காரணம். தீங்கு நிறுவப்படும் வரை காத்திராமல், பாதுகாப்பை நிறுவும் பொறுப்பை விற்பவர் மீது வைத்த அந்த முறையே நேர்மையானது.

நம் நாட்டில் சாய உறையின் மீது, தோல் எரிச்சல் உண்டாகலாம், முன்சோதனை செய்க, புருவத்திலும் இமையிலும் பூசாதீர் என்ற எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. மரபணுச் சோதனை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அழகுப் பொருள்களை விலங்குகள் மீது சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்தது, அது வரவேற்கத்தக்கது. அதனாலேயே ஆய்வகத் தட்டில் செய்யும் சோதனைகளின் மதிப்பு கூடியிருக்கிறது. அவற்றின் முடிவுகளை எவரும் பார்க்கும்படி வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இது எல்லோரையும்விட முடிதிருத்தும் தொழிலாளர்க்கே மிகவும் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2008இல் அத்தொழிலை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்க பணிகளுள் வைத்தது; சொந்தப் பயன்பாட்டை அவ்வாறு வகைப்படுத்தவில்லை. நாம் மாதம் ஒருமுறை தொடுவதை அவர்கள் நாள்தோறும் தொடுகின்றனர்.

சான்றுகள் வெளிவரும் வரை நாம் செய்யக்கூடியவை சில. கையுறை அணியுங்கள். தலையில் புண் இருந்தால் சாயத்தைத் தவிருங்கள். குறித்த நேரத்திற்கு மேல் ஊறவிடாதீர்கள். தூய மருதாணி செம்பழுப்பு நிறமே தரும். சில நிமிடங்களில் முடியைக் கருக்கும் 'மருதாணி' என்றால் அதன் உறையைப் படித்துப் பாருங்கள். உங்கள் ஊர் சலூன்காரர் வெறுங்கையால் சாயம் குழைப்பதைக் கண்டால், அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.