அலிப்பூர் வாசலும் நம் வீட்டுப் பெண்களும்



கித்திர்ப்பூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகும் நம்மவர்கள் அலிப்பூரில் ஒரு நீண்ட மதிற்சுவரைத் தினமும் கடந்து போகிறார்கள். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பான். உள்ளே இருப்பது கிழக்குப் பிராந்திய இராணுவத்தின் கமாண்ட் ஆஸ்பத்திரி. பட்டாளத்து இடம், நமக்கென்ன அங்கே வேலை என்று தலையைத் திருப்பிக்கொண்டு போவதே நம் வழக்கம்.

சென்ற மாதம் மன்றத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். இருபது வருடமாக இந்த ஊரில் மூட்டை சுமந்து பிழைப்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்து நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறாள். நர்ஸ் படிப்பில் ஆசை. ஏஜெண்ட் ஒருவர் வந்து, வெளி மாநிலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டிருக்கிறார். மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பெண் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. பணமும் போயிற்று, ஒரு வருடமும் போயிற்று.

அந்த ஏஜெண்டைத் திட்டி இந்தப் பக்கம் முழுவதையும் நிரப்பிவிடலாம். ஆனால் முதலில் திட்டப்பட வேண்டியவர்கள் நாம்தான். அந்தத் தகப்பனார் தினமும் கடந்து போகும் அந்தச் சுவருக்குள்ளேயே அரசாங்கச் செலவில் நர்ஸ் படிப்பு நடக்கிறது என்பதை நம் மன்றமோ இந்த ஏடோ இத்தனை வருடங்களில் ஒரு தடவையாவது அவர் காதில் போட்டதுண்டா? இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இம்மாதத் தலையங்கம்.

இராணுவ மருத்துவப் பணியின் கீழ் ஆறு நர்சிங் கல்லூரிகள் இயங்குகின்றன. பூனா, பம்பாய், டில்லி, லக்னோ, பெங்களூர், ஆறாவதாக நம் கல்கத்தா. ஆறிலும் சேர்த்து வருடத்திற்கு 220 இடங்கள், அலிப்பூரில் 30. நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங். படிப்புக் கட்டணம் கிடையாது. தங்க இடமும் சாப்பாடும் அரசு தரும், மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. முடித்தவர்கள் உடல் தகுதித் தேர்விலும் தேறினால் இராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்டாகக் கமிஷன் பெறுகிறார்கள். ஆம், தோளில் நட்சத்திரம் பதித்த அதிகாரி! தொடக்க அடிப்படைச் சம்பளம், ஏழாவது ஊதியக் குழுவின் கணக்குப்படி, 56,100 ரூபாய். சிப்பாய் அவருக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் இருபத்திரண்டு வயதில் அங்கே போய் நிற்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

யார் விண்ணப்பிக்கலாம்? பெண்கள் மட்டும். திருமணமாகாதவர்கள், அத்துடன் விதவைகளும், மணமுறிவு பெற்றவர்களும், சட்டப்படி பிரிந்து வாழ்பவர்களும். வயது ஏறக்குறைய 17 முதல் 25 வரை. இளம் வயதில் தாலியறுத்துப் பிறந்த வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதைத் தனியே அழுத்திச் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, முதல் முயற்சியிலேயே மொத்தத்தில் 50 சதவிகிதம் வாங்கியிருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு முள் இருக்கிறது. 2022 முதல் இந்தப் படிப்புக்கும் நீட் எழுதியாக வேண்டும். நீட் மதிப்பெண்ணை வைத்துச் சிலரைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்குக் கணினி வழித் தேர்வு, நேர்முகம், உடற்பரிசோதனை என்று அடுத்தடுத்து வைக்கிறார்கள். நீட் பற்றி நம் நிலை எல்லோரும் அறிந்ததே. காசு கொடுத்துக் கோச்சிங் போகிறவன் பிள்ளைக்கு அகலமான வாசலும் கூலிக்காரன் பிள்ளைக்குச் சாவித் துவாரமும் வைக்கும் தேர்வு அது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இல் அதற்கு எதிராக மசோதா நிறைவேற்றியது சரியே.

நிற்க. புலம்பெயர்ந்த நமக்கு இதில் இன்னொரு அநியாயமும் சேர்கிறது. நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மொழிக்குரிய பகுதித் தேர்வு மையங்களில்தான் கிடைக்கும். கல்கத்தாவில் எழுதும் தமிழ்ப் பெண்ணுக்கு ஆங்கிலம், இந்தி, வங்காளம் ஆகியவை கிடைக்கும், தாய்மொழி கிடைக்காது. ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு அப்பாவோடு இங்கே வந்து சேர்ந்த பெண் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியைத் தேர்வு முகமைக்கு எழுதிக் கேட்க மன்றம் முடிவு செய்திருக்கிறது.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீட்டை எதிர்ப்பது நம் அரசியல். அந்த அரசியலுக்காக நம் வீட்டுப் பெண்ணை விண்ணப்பம் போடாமல் உட்கார வைப்பது அரசியல் ஆகாது. தேர்வை எதிர்த்து ஊர்வலம் போவோம், அதே வாரத்தில் தேர்வுக்கும் பணம் கட்டுவோம். இதில் முரண்பாடு இருப்பதாக நினைக்கும் தோழர்கள் ஒரு நாள் அந்தத் தகப்பனாரோடு உட்கார்ந்து பேசட்டும்.

இனி வேறு ஒரு பேச்சு. "பட்டாளத்திலே நர்ஸா? பொம்பளைப் பிள்ளையை அங்கே அனுப்பலாமா?" என்று மூக்கின் மேல் விரல் வைக்கிறவர்கள் நம்மிடையே குறைவில்லை. ஜனவரி 23 வந்தால் எல்ஜின் ரோட்டுக்குப் போய் நேதாஜிக்கு மாலை போடுகிறவர்களும் இவர்களே. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறந்தபோது அதில் சேர்ந்தவர்கள் யார்? மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் கூலிகளின் பெண்கள் அதில் ஏராளம். தலைமை தாங்கிய காப்டன் லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். 1944இல் பர்மாவில் மேமியோ ஆஸ்பத்திரியில் காயம்பட்டு வந்த வீரர்களுக்கு அந்தப் பெண்கள்தான் கட்டுப் போட்டுப் பணிவிடை செய்தார்கள். நம்மைப் போலவே பிழைக்கப் போன குடும்பங்கள், அவர்கள் அனுப்பினார்கள்.

வெள்ளைக்காரனும் அதே 1943இல்தான் ஓர் அவசரச் சட்டம் போட்டு இராணுவ நர்சுகளுக்குக் கமிஷன் அந்தஸ்து கொடுத்தான். 1888இல் பம்பாயில் வந்திறங்கிய பத்து ஆங்கில நர்சுகளோடு தொடங்கிய பணி அது. 1926இல் இந்திய இராணுவச் செவிலியர் பணி என்று நிரந்தரமாயிற்று. 1976இல் ஜி.ஏ. ராம் என்ற அம்மையார் இப்பணியில் மேஜர் ஜெனரலாக உயர்ந்தார். நம் ஆயுதப் படைகளில் அந்தப் பதவியைத் தொட்ட முதல் பெண்மணி துப்பாக்கி பிடித்தவரல்லர், நர்ஸ்தான்.

இத்தனையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைத்தால் அந்த ஏஜெண்டுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை.

இது தானமல்ல, ஒப்பந்தம். சேரும்போதே படிப்பு முடித்து இராணுவத்தில் பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்டும்படி கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர்கள் மன்றத்துக்குக் கொண்டு வரலாம். உழைப்பைக் கொடுத்துப் படிப்பை வாங்குகிறோம். வட்டிக்கு வாங்கிப் படிப்பதைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் விலை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த விலை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு செலீனா ஜான் என்பவரின் வழக்கே சாட்சி. டில்லி இராணுவ மருத்துவமனையில் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, லெப்டினன்டாகி, சிகந்தராபாத் இராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஓர் இராணுவ அதிகாரியை மணந்தார். 1988இல் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். குற்றம்? கல்யாணம் செய்துகொண்டது. நர்சு கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகலாம் என்று 1977ஆம் வருடத்து இராணுவ உத்தரவு ஒன்று இருந்தது. மணந்த ஆண் அதிகாரிக்கு வேலை போகவில்லை, மணந்த பெண்ணுக்குப் போயிற்று! அந்த உத்தரவு 1995இல் ரத்தானது. ஆனால் அந்த அம்மையாருக்கு நியாயம் கிடைக்க 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. அந்த உத்தரவு ஆணாதிக்கம், மனித கண்ணியத்துக்கு விரோதம் என்ற வகையில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருடம். பணம் வந்தது, போன வேலையும் வயதும் வரவில்லை. இன்று அந்த விதி இல்லை, பெண்ணைப் பெற்றவர்கள் பயப்பட வேண்டாம். ஆனாலும் இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது சம்பளத்தில் ஒரு சங்கதி. போர்ப் பணியின் சிரமத்துக்காக மாதந்தோறும் இராணுவப் பணி ஊதியம் என்று தனியாக ஒன்று கொடுக்கிறார்கள். ஏழாவது ஊதியக் குழு வகுத்த கணக்கில் மற்ற அதிகாரிகளுக்கு 15,500 ரூபாய்; நர்சு அதிகாரிகளுக்கு 10,800; சிப்பாய்களுக்கு 5,200. தோளில் இருப்பது அதே நட்சத்திரம், கையில் வருவது குறைவு. சிப்பாயின் நிலையோ அதிலும் பாதிக்குக் கீழே. குண்டு இவர்களையெல்லாம் பதவி பார்த்தா துளைக்கிறது?

சிப்பாய் என்றதும் நம் பையன்களின் கதைக்கு வருவோம். மிகவும் முக்கியமாக நாம் கருதுவது இதுதான். நம் வட்டாரத்துப் பையன்களில் சிலர் இராணுவத்தில் நர்சிங் அசிஸ்டெண்டாகச் சேர முயல்கிறார்கள். அதற்கும் பன்னிரண்டாம் வகுப்பில் அதே இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம்தான் வேண்டும். அதே 50 சதவிகிதம்தான். சேர்ந்தால் லக்னோவில் இராணுவ மருத்துவப் படையின் மையத்தில் பயிற்சி. பிறகு எல்லையில், பனிமலையில், டாக்டர் எட்டாத இடத்தில் முதல் கட்டுப் போடுகிறவன் அவன். ஊசி போடுவான், சலைன் ஏற்றுவான், பிணத்தையும் சுமப்பான். பதினைந்து வருடம் அப்படி உழைத்தவன் நர்சு அதிகாரி ஆகலாமா? முடியாது. அவனுக்கு வேறு பிரிவுகளில் அதிகாரி ஆகும் வழிகள் சில உண்டு. ஆனால் அவன் கற்ற தொழிலில், நோயாளியின் கட்டிலருகே, கிடையாது. ஏனென்றால் இராணுவச் செவிலியர் பணி பெண்களுக்கு மட்டும் என்று 1943ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. நர்சு வேலை பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணம், சட்டமாகி எண்பது வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறது. செவிலியர் சங்கம் ஒன்று 2018இல் இதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அமெரிக்க இராணுவத்தில் இப்படியில்லை. அந்த நாட்டின் போர்க் கொள்கைகளை இந்த ஏடு எத்தனை முறை கண்டித்திருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். நல்லதைச் சொல்லவும் நமக்கு வாய் உண்டு. 1955இலேயே அங்கே ஆண்களுக்கு நர்சு அதிகாரிப் பதவி திறந்துவிட்டது. பிறகு, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, முழுச் சம்பளத்தோடு, ஏறக்குறைய இரண்டு வருடம் வேறு வேலை எதுவும் தராமல் கல்லூரிக்கு அனுப்பி நர்சிங் பட்டம் வாங்க வைத்து, அதிகாரியாகக் கமிஷன் கொடுக்கும் திட்டமும் வந்தது. கடற்படை, விமானப்படையிலும் இதே போன்ற திட்டங்கள் உண்டு. பிரிட்டனில் 1992இல் ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்தை வெள்ளைக்காரனே தன் வீட்டில் கைவிட்டுவிட்டான்; நாம் விடவில்லை!

இதில் பணச் செலவும் பெரிதல்ல. ஆறு கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கட்டில்களும் நோயாளிகளும் இருக்கிறார்கள். 220 இடங்களோடு, பணியில் இருக்கும் நர்சிங் அசிஸ்டெண்டுகளுக்கென்று கொஞ்சம் இடங்கள் கூட்டினால் போதும். பத்து வருட அனுபவமுள்ளவனுக்கு நீட் எதற்கு? அவன் கைகளே அவன் தேர்வுத்தாள்.

வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் வங்காளிச் சகோதரர்களை ஹவுரா ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறோம். ரிப்போர்ட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு காட்பாடிக்கு டிக்கெட் எடுத்து நிற்பார்கள். 1946இல் பட்டப் படிப்பாக நர்சிங்கைத் தொடங்கிய முதல் கல்லூரிகளில் வேலூர் ஒன்று. நர்சுத் தொழிலில் தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு பெயர். அந்த ஊர்க்காரர்களான நம் பிள்ளைகள் இங்கே அலிப்பூர் வாசலைத் தாண்டாமல் இருப்பது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே மன்றத்தின் செயற்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்படும். நர்சிங் அசிஸ்டெண்டுகளுக்கு அரசுச் செலவில் பட்டப்படிப்பும், ஆண் பெண் இருபாலருக்கும் செவிலியர் கமிஷனும் வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சருக்கு ஒன்று. கல்கத்தா மையத்திலும் தமிழ் வினாத்தாள் வேண்டும் என்பது மற்றொன்று. கையெழுத்துத் தாள்கள் லேக் மார்க்கெட் பக்கமுள்ள கடைகளில் வைக்கப்படும். கையெழுத்துத் தெரியாதவர்களின் கைநாட்டும் செல்லும்.

இந்த வருடம் பன்னிரண்டாவது படிக்கும் பெண்களின் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மன்றத்துக்கு வந்து பெயர் கொடுக்கலாம். விண்ணப்பம் இராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் மட்டுமே போட வேண்டும். இடையில் எந்த ஏஜெண்டுக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலும் பிறப்புச் சான்றும் கொண்டு வாருங்கள். முன்பு சொன்ன தகப்பனாரின் மகள் ஏற்கெனவே வந்து பெயர் பதிந்துவிட்டாள். அவளுக்கு வயது பத்தொன்பது. இன்னும் காலம் இருக்கிறது.