பணி நேரம் முடிந்த பிறகு



ஆகஸ்ட் 12 நெருங்கினால் நம் ஊர் நூலகங்களுக்கு ஒரு சின்ன விழாக் களை வந்துவிடும். எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளை நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். படத்துக்கு மாலை, வாசகர் வட்டத் தலைவரின் உரை, கட்டுரைப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்குப் புத்தகப் பரிசு, கடைசியில் சுண்டல். மேடையேறுகிறவர்கள் நூலகங்களுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளைத் தவறாமல் ஒப்பிப்பார்கள். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர் என்பதும் வந்துவிடும். ஆனால் அவர் பெயரை நிலைக்க வைத்த வேலைகளில் பல, அவர் சம்பளம் வாங்கிய வேலைக்கு வெளியே நடந்தவை. இது மட்டும் மேடைகளில் அதிகம் காதில் விழுவதில்லை.

1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார் ரங்கநாதன். (அந்த வேலை சீக்கிரமே அலுத்துப்போய், பழைய கல்லூரிக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று போய் நின்றவர் அவர். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி முதல்வர் சொன்னது தமிழ்நாட்டின் அதிர்ஷ்டம்.) பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருந்தது, அதன் புத்தகங்களை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். அதோடு அவர் நின்றிருக்கலாம். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பையும் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டே சங்கத்தின் பெயரில் கோடைகாலப் பயிற்சி வகுப்பு. நூலகத் தொழிலை இங்கே முறையாகச் சொல்லிக்கொடுத்த அந்த வகுப்பை 1931-ல் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது. ஐந்து விதிகள் நூலும் அதே 1931-ல் சங்கத்தின் வெளியீடாகத்தான் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் சங்கத்தின் ஊக்கத்தோடு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி, சுற்றியுள்ள கிராமங்களுக்கு ஓட்டினார். ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும், அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சங்கம் விடாமல் கேட்டதற்கு 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பதிலாக வந்தது. இன்று வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, அது அங்கிருந்து தொடங்கியது.

தொழில் தெரிந்த ஒருவர் தன் மாலை நேரத்தைக் கொடுத்ததில் விளைந்தவை இவை. கொடுப்பதில் பல வகை உண்டு. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக் கல்லூரியில் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் தன் சம்பளத்தையே ஏழைகளுக்குக் கொடுத்தவர். 2023-ல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. அந்த அளவுக்கு நம்மில் எத்தனை பேரால் முடியும்? நான் இந்த மாதம் எழுத நினைத்தது அதைவிடச் சின்னது: காசைக் கொடுக்காமல் கைத்தொழிலைக் கொடுப்பது.

இதற்கு என் மனத்தில் முதலில் வருகிற பெயர் என். செல்வராஜா. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து, பிறகு இங்கிலாந்தில் குடியேறியவர். புலம்பெயர்ந்த ஊரில் பிழைப்புக்கு எது கிடைக்கிறதோ அதைச் செய்துகொண்டு, கற்ற தொழிலை மறந்துவிட்டவர்கள் ஏராளம். இவர் மறக்கவில்லை. ஈழத்தவர் எழுதிய தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் பதிவு செய்யத் தொடங்கினார். 2002-ல் ‘நூல்தேட்டம்’ முதல் தொகுதி வந்தது. ஒரு தொகுதிக்கு 1,000 நூல்கள். அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துவிட்டன.

ஒரு பதிவில் என்ன இருக்கும் என்று பார்த்தால்தான் அந்த உழைப்பு புரியும். தலைப்பு, ஆசிரியர், வெளியிட்ட ஊர், வெளியீட்டாளர், அச்சிட்ட அச்சகம், எத்தனையாவது பதிப்பு, மாதம், ஆண்டு, பக்கம், விலை, நீள அகலம். அதன் கீழே நூலைப் பற்றி நாலைந்து வரி. ஈழத்து நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகள்தான் அச்சாகும். யாழ்ப்பாணத்தில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று, பாரிஸில் ஒன்று, டொரன்டோவில் ஒன்று என்று வெளிவந்து, நண்பர்கள் கைகளில் போய்ச் சேர்ந்து, அங்கேயே மறைந்துவிடும். போரில் வீடு மாறியவர்கள் எடுத்துச் சென்ற மூட்டையில் புத்தகத்துக்கு எங்கே இடம்? 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின என்று சொல்கிறோம். அதற்குப் பிறகு அச்சானவை சத்தமில்லாமல் தொலைந்துகொண்டிருந்தன. இப்படியொரு நூல் வந்தது என்பதற்காவது ஒரு சாட்சி வேண்டும் என்று ஒரு நூலகருக்குத்தான் தோன்றும். எழுத்தாளருக்குத் தோன்றாது; அவர் அடுத்த நூலை எழுதப் போய்விடுவார். (இதை ஒரு பத்திரிகை ஆசிரியர் சொன்னால் நம்பலாம்.)

2005-ல் ஈழத்து இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகமும் இதே வழியில் வந்ததுதான். இன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே திறந்து கிடக்கின்றன. பக்கங்களைப் படமெடுத்துப் போட்டால் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஆசிரியர் பெயர், ஆண்டு, வகை. அதனால்தான் சென்னையில் உட்கார்ந்து ஓர் ஆய்வு மாணவி ஐம்பதாண்டுக்கு முந்தைய சிற்றிதழ் ஒன்றைச் சில நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிறது.

இனி நம் வாசல்படிக்கு வருவோம். எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. “அப்பா தமிழாசிரியரா இருந்தாருங்க. போன மாசம் தவறிட்டாரு. ரெண்டு பீரோ நிறையப் புத்தகம் இருக்கு. யாருக்குக் கொடுக்கலாம்?” கேட்கிறவர் குரலில் துக்கமும் இருக்கும், வீட்டைக் காலி செய்கிற அவசரமும் இருக்கும். நூலகத்துக்குக் கொடுங்கள் என்று சொல்வது எளிது. என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் இல்லாமல் எந்த நல்ல நூலகமும் வாங்கிக்கொள்ளத் தயங்கும். பட்டியல் போட அந்த வீட்டில் ஆள் இருக்காது. கடைசியில் பழைய புத்தகக் கடைக்காரர் எடைக்கு எடுத்துப் போவார். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு அப்படிச் சிதறாமல், அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து ஆய்வு நூலகமானது. எல்லா வீட்டுக்கும் சிகாகோவிலிருந்து ஆட்கள் வரமாட்டார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் இருப்பார்.

அவர் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? நாம் பட்டியல் எழுதினால் உ.வே.சா. நூல்கள் நாலு இடத்தில் சிதறும்: சாமிநாதையர், சுவாமிநாத ஐயர், உ.வே.சா., தமிழ்த்தாத்தா. சொ. விருத்தாசலம் ஒரு பக்கம், புதுமைப்பித்தன் இன்னொரு பக்கம். ரா. கிருஷ்ணமூர்த்தியையும் கல்கியையும் இரண்டு ஆட்களாக்கி விடுவோம். நூலகர் ஒரு பெயரை முடிவு செய்து, மற்றவற்றிலிருந்து அங்கே வழிகாட்டுவார். அட்டை போன புத்தகத்தின் உள்ளே “நள வருஷம் அச்சிடப்பட்டது” என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் நள 1856-லும் வந்தது, 1916-லும் வந்தது. எது என்று அச்செழுத்தின் வடிவத்தையும், அச்சகத்தின் பெயரையும், விலை போட்ட முறையையும், காகிதத்தையும் பார்த்துச் சொல்ல ஒரு பயிற்சி வேண்டும். 1856 என்றால் அது எடைக்குப் போகக் கூடாத புத்தகம். எந்தப் பள்ளி நோட்ஸைக் கழிக்கலாம், எந்தத் துண்டறிக்கையைக் கழிக்கவே கூடாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். நாமாக இருந்தால் தடித்த அட்டைப் புத்தகத்தைக் காப்பாற்றி, நாலு பக்கப் பிரசுரத்தைக் குப்பையில் போட்டிருப்போம். பெரும்பாலும் அரிதானது அந்த நாலு பக்கம்தான்.

ஊர் இளைஞர் மன்றப் படிப்பகங்களிலும் இதே கதை. ஆளாளுக்குப் புத்தகம் கொடுக்கிறார்கள், எம்.எல்.ஏ. பீரோ கொடுக்கிறார். ஆறே மாதத்தில் பீரோவைச் சுவரோடு ஒட்டிவைத்த பக்கமாகக் கரையான் ஏறிவிடும். உள்ளே ராமபாணப் பூச்சி. சுவரிலிருந்து அரையடி தள்ளி வை, அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்து, வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடு என்று சொல்ல ஒருவர் வந்து போனால் போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்த புத்தகங்களைப் பலர் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டார்கள். வெயிலில் அட்டை முறுக்கிக்கொள்ளும். நனைந்ததைப் பலவந்தமாகப் பிரிக்காமல், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் காகிதம் வைத்து மாற்றி மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காய வைக்க வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் முடியாத அளவு இருந்தால் பாலிதீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுக்கலாம். நூலகவியல் வகுப்பில் படித்தவர்களுக்கு இது சாதாரணப் பாடம். அந்தத் தெருக்களில் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

கேள்வி கேட்கும் கலையையும் சொல்ல வேண்டும். “சட்டப் புத்தகம் இருக்கா?” என்று ஒரு பெரியவர் கேட்டால், நல்ல நூலகர் அலமாரியைக் காட்டுவதில்லை. “எதுக்குய்யா?” என்று இரண்டு முறை பேச்சுக் கொடுப்பார். வேண்டியது புத்தகம் அல்ல, அண்ணன் பெயரில் இருக்கும் பட்டாவை மாற்ற என்ன மனு எழுதுவது என்ற விவரம் என்பது அப்போதுதான் வெளியே வரும். இந்தப் பக்குவம் உள்ள ஒருவர் மாதத்தில் ஒரு நாள் முதியோர் இல்லத்திலோ ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோ உட்கார்ந்தால் எத்தனை பேரின் அலைச்சல் மிச்சமாகும்!

வீட்டை விட்டு நகர முடியாத நூலகர்களுக்கும் வேலை உண்டு. 2016 ஜனவரியில், விக்கிப்பீடியாவுக்கு 15 வயதானபோது, உலகெங்கும் உள்ள நூலகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: ஆளுக்கு ஒரு சான்று சேருங்கள். ஆண்டுதோறும் அது தொடர்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஊர்கள், கோவில்கள், எழுத்தாளர்கள் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் ஆதாரம் கேட்கும் குறிப்பு நிற்கிறது. அந்த ஆதாரம் நூலகத்தின் இரண்டாவது தட்டில் இருக்கும்; அது எந்தப் பக்கத்தில் என்று நூலகருக்குத் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. நம் ஊர்ப்புற நூலகங்களிலும் பகுதிநேர நூலகங்களிலும் வேலை பார்க்கிறவர்கள் பலருடைய சம்பளத்தை நான் இங்கே எழுதினால் படிக்கிற உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். பல பள்ளிகளில் நூலகர் பணியிடமே இல்லை. சாவி ஏதோ ஓர் ஆசிரியரின் மேசை டிராயரில் கிடக்கிறது. அவர்களிடம் போய், ‘சேவையாகச் செய்யுங்கள்’ என்று கேட்க எனக்கு வாய் வராது. தன்னார்வம் என்பது காலியிடத்தை அடைக்கும் மலிவு வழியாகிவிடக் கூடாது. நான் கேட்பது ஓய்வூதியமும் உடல் தெம்பும் உள்ளவர்களை, பல்கலைக்கழக நூலகங்களில் நிம்மதியான வேலையில் இருப்பவர்களை, நூலகவியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களை. அழைக்கிற ஊர்க்காரர்களும் போகவரச் செலவையும் மதியச் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சால்வை வேண்டாம்.

வீட்டிலிருந்து வெளியே வர முடியாதவர்களுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் நம் மாநிலத்தில் நடக்கிறது. வாசகர்கள் நூலகத்துக்காக நடக்கிறார்கள். எதிர்த்திசையில் நடக்கத் தயாராக இருக்கும் நூலகர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பார்கள் என்று நம்பித்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலோ ஊரிலோ ஒழுங்கு செய்யப்படாத புத்தகங்கள் இருந்தால் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். தோராயமாக எத்தனை, எந்த மாதிரி நூல்கள், மிகப் பழையது எந்த ஆண்டு, மழை ஒழுகுகிற இடமா, உட்கார்ந்து எழுத ஒரு மேசையும் விளக்கும் உண்டா என்ற விவரங்கள் வேண்டும். நூலகர்கள், உங்களால் எந்த மாவட்டத்தில், எந்த ஞாயிறுகளில் போக முடியும் என்று எழுதுங்கள். இரண்டு கடிதங்களையும் சேர்த்து வைக்கும் வேலையை எங்கள் உதவி ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பருவமழைக்கு முன்னால் வரும் கடிதங்களுக்கு முன்னுரிமை.

அன்புடன்,
ஆசிரியர்