அந்தியூர்ச் சந்தையும் பர்கூர்க் காடும்

ஆடி மாதத்தில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் நடைபெறும் குருநாதசுவாமி உற்சவத்தைப் பற்றியும், அதையொட்டிக் கூடும் குதிரை மாட்டுச் சந்தையைப் பற்றியும் பத்திரிகைகளில் வருஷந்தோறும் வர்ணனைகளுக்குக் குறைவில்லை. குதிரையின் நடையும், காங்கயம் காளையின் திமிலும், விலையைக் கேட்டு மலைத்தவர்களின் முகமும் அவற்றில் தவறாது இடம்பெறும். ஆனால் சந்தைக்கு வரும் மாடு எந்தப் புல்லைத் தின்று வளர்ந்தது, இனியும் அந்தப் புல் அதற்குக் கிடைக்குமா என்று கேட்போர் மிகச் சிலரே. இக்கேள்வியே இன்று முதன்மையானது என்பது நமது அபிப்பிராயம்.

திப்பு சுல்தான் தமது சைனியத்துக்கு இங்கே குதிரை வாங்கினார் என்பது கர்ணபரம்பரை. இதற்குச் சாசனம் உண்டா என்று வக்கீல் புத்தியுடன் வினவினால் ஊரார் கோபித்துக்கொள்வர், நாம் வினவப்போவதில்லை. 1799 வரை கொங்கு தேசம் மைசூரின் ஆதிக்கத்திலிருந்தபடியால் செய்தி பொருத்தமற்றதுமன்று. எனினும் சந்தையை வாழவைத்தவன் சுல்தானல்லன், குடியானவனே. ஆடிப்பட்டத்தில் உழவும் விதைப்பும். உழவுக்கு எருது வேண்டும். கொங்கு நாட்டுக் கிணறுகளிலோ கவலை இறைப்பதற்கு வருஷமெல்லாம் எருது வேண்டும். 1932-ல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகிக் கோயமுத்தூர்ச் சீமைக்கு வந்தபின் மோட்டார் கவலையைக் கொஞ்சங்கொஞ்சமாக ஒழித்தது. பிறகு டிராக்டர் ஏரை விலக்கியது. கொள்வோர் குறைந்தனர். ஜல்லிக்கட்டுக்கு 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்த தடையும், 2017-ல் தமிழகச் சட்டசபை இயற்றிய சட்டமும், 2023-ல் அச்சட்டம் செல்லுமென வெளிவந்த தீர்ப்பும் நாட்டு மாட்டின்மீது புதிய அபிமானத்தை மூட்டியிருப்பது உண்மை. அபிமானம் நல்லதே, ஆயினும் அது மேய்ச்சல் நிலமாகாது.

அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. செந்நிறத் தோலில் வெண்திட்டுக்கள் படர்ந்த பர்கூர் மாடு அம்மலைக்கே உரிய ஜாதி. பால் சொற்பம், குணம் முரடு, ஆனால் மேட்டுநிலத்து ஏருக்கும் நெடுவழி நடைக்கும் சளைக்காதது. கொட்டிலில் கட்டித் தீனி போட்டு வளர்க்கும் மாடன்று இது. காட்டுக்குள் பட்டி அமைத்து, மாதக்கணக்கில் அங்கேயே மேயவிட்டு வளர்ப்பது மலைவாசிகளின் முறை. காட்டை மூடினால் பர்கூர் மாடு வேறெங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுவது அறியாமை. இந்த ஜாதியை ரக்ஷிக்க அரசாங்கமே மலையில் ஆராய்ச்சி நிலையம் வைத்துள்ளது. ஒரு இலாகா இனத்தைக் காக்க, மற்றொரு இலாகா அதன் புல்லைப் பறிப்பது விசித்திரமேயாகும்.

2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டு காடுகளில் கால்நடை மேய்வதை அறவே தடைசெய்து, அதே மாதத்தில் அத்தடையைப் புலிக் காப்பகம், தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம் என்பவற்றுக்கு மட்டும் உரியதாகச் சுருக்கிற்று. பர்கூர்வாசிகள் மூச்சுவிட்டனர். 2024 ஜனவரியில் அந்தியூர், பர்கூர் பகுதிக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சுருங்கிய தடை இவ்வாறு அவர்கள் வாசற்படிக்கே வந்துவிட்டது. அவர்கள் ஆட்சேபித்ததில் வியப்பென்ன?

யானைக்கும் புலிக்கும் காடு வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. மிதமிஞ்சிய மேய்ச்சல் காட்டைக் கெடுக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, சரணாலயத்தில் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் அதிகாரம் தருகிறது. இம்மூன்றில் கடைசிச் சொல்லை மட்டும் படிக்கும் உத்தியோகஸ்தர் சட்டத்தைப் பாதியே படித்தவராவார். 2006-ஆம் வருஷத்து வனவுரிமைச் சட்டமோ மேய்ச்சலைச் சமூக உரிமையாகவே அங்கீகரிக்கிறது. பழங்குடிகளல்லாதார் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 வருஷம், அதாவது மூன்று தலைமுறை, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்கவேண்டும். 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின் கீழ், வெள்ளைக்கார சர்க்கார் காட்டை வேலியிட்டு மேய்ச்சலுக்கு வரி வாங்கியபோது நம்மவர் குமுறினர். அன்றைய மேய்ச்சல் ரசீது இன்று எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்குமாயின், அதுவே அவருடைய பேரனுக்கு நல்ல சாட்சி!

சந்தைத் திடலில் விளக்கும் தண்ணீர்த் தொட்டியும் அவசியந்தான். அவற்றினும் அவசியமானது பட்டிதோறும் மாட்டைக் கணக்கெடுத்து, கிராம சபைகளின் உரிமை மனுக்களை விசாரித்து, எவ்வளவு மாடு, எம்மாதங்களில், எவ்விடத்தில் மேயலாம் என்று எழுத்தில் நிர்ணயிப்பது. வரும் ஆடிக்குள் இதை முடித்தல் வேண்டும். அதன்பொருட்டுப் பட்டிக்காரர்களை ஈரோட்டுக் கச்சேரி வாசலுக்கு அலைக்கழியாமல், கலெக்டரும் வன அதிகாரிகளும் பர்கூருக்கு மலையேறிச் செல்வார்களாக.