ஓ.டி.பி. வரலையா? ஒரு நிமிஷம் பாஸ்!

உலகத்துலயே ரொம்ப நீளமான நிமிஷம் எது தெரியுமா? எக்ஸாம் ஹால்ல கடைசி பெல்லுக்கு முந்தின நிமிஷமா? ம்ஹூம்... அது ராக்கெட் வேகத்துல பறந்துடும். 'ரீசெண்ட் ஓ.டி.பி.' பட்டன் எப்போடா கண் திறக்கும்னு போனையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்பீங்களே, அந்த நிமிஷம்தான்!

அதுவும் ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள், ராத்திரி பதினொன்றரை மணின்னா கேட்கவே வேணாம். ஒருத்தன் போனை உதறிப் பார்ப்பான். ஒருத்தி மொட்டை மாடிக்கு ஓடுவா. இன்னொருத்தர் பட்டனை விடாம குத்திக்கிட்டே இருப்பார். கோட் வராதது சின்னப் பிரச்னைதான். அந்த டென்ஷன்ல நாம செய்யுற காரியங்கள்தான் பெரிய பிரச்னையா வந்து நிக்கும். அதனால இந்த வாரம் நம்ம பக்கத்துல ஓ.டி.பி. வைத்தியம்!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். உலகத்தோட முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3-ம் தேதி இங்கிலாந்துல போச்சு. 'மெர்ரி கிறிஸ்துமஸ்'னு ஒரு வாழ்த்து. அவ்வளவுதான் மேட்டர். வாழ்த்து சொல்ல உதவின அதே எஸ்.எம்.எஸ். தலையிலதான் இன்னிக்கு நம்ம பேங்க், காலேஜ் அட்மிஷன், ஆதார் எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருக்கோம். இது இத்தனை நிமிஷத்துல கண்டிப்பா போய்ச் சேரும்னு எஸ்.எம்.எஸ். யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுத்ததே இல்லை!

நீங்க பட்டனை அழுத்தினதும் என்ன நடக்குது? ஆப்போட சர்வர் ஒரு கோட் தயார் பண்ணும். அதை மொத்தமா மெசேஜ் அனுப்புற ஒரு கம்பெனிகிட்ட கொடுக்கும். அவங்க உங்க நெட்வொர்க் கம்பெனிகிட்ட தள்ளுவாங்க. அங்கே எஸ்.எம்.எஸ். சென்டர்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் போஸ்ட் ஆபீஸ் மாதிரி. உங்க போன் ஆன்ல இருந்தா உடனே பட்டுவாடா. இல்லைன்னா, வெச்சிருந்து மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். ராத்திரி கேட்ட கோட் காலையில பல் தேய்க்கும்போது 'டிங்'னு வருதே, அது இதனாலதான். நெட்வொர்க்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சவங்களுக்கும் இப்போ புரிஞ்சிருக்கும். ஆக, வழியில எந்த இடத்துல மாட்டியிருக்குன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது.

ஒரே ஒரு டெஸ்ட்

பக்கத்து ரூம் நண்பரைக் கூப்பிடுங்க. வேற நெட்வொர்க் சிம்ல இருந்து உங்க நம்பருக்குச் சும்மா 'ஹாய்'னு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டச் சொல்லுங்க. வாட்ஸ்அப் இல்லை, அசல் எஸ்.எம்.எஸ்.!

அந்த 'ஹாய்' வரலைன்னா, கோளாறு பெரும்பாலும் உங்க சிம், சிக்னல், போன் பக்கம். ஃப்ளைட் மோட் போட்டு எடுங்க, இல்லைன்னா போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நெட்வொர்க்கோட போன் புதுசா கை குலுக்கும். 'வைஃபைல யூடியூப் சூப்பரா ஓடுதே'னு சொல்லாதீங்க. வைஃபை ஓடுறதை வெச்சு சிம் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியாது. ரீசார்ஜ் எப்போ முடிஞ்சதுன்னும் பாருங்க. வேலிடிட்டி போய் நாளாச்சுன்னா இன்கமிங்கும் நின்னுடும். ரெண்டாவது சிம்மை ஓ.டி.பி.க்குன்னே வெச்சுட்டு ரீசார்ஜ் பண்ண மறக்குற கேஸ்கள் ஹாஸ்டலுக்குப் பத்து பேர் இருக்காங்க!

இன்னொண்ணு. சிம் தொலைஞ்சு அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினீங்களா? ஆக்டிவேட் ஆகி முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. உங்க பேர்ல வேற யாராவது சிம் வாங்கி, உங்க பேங்க் கோடை அள்ளிட்டுப் போகக் கூடாதுன்னு தொலைத்தொடர்புத் துறை போட்ட பூட்டு இது. நீங்களே வாங்கினாலும் பூட்டு பூட்டுதான். காத்திருக்கணும்.

'ஹாய்' வந்துடுச்சு, கோட் மட்டும் வரலையா? முதல்ல நீங்க டைப் பண்ணின நம்பரைச் சத்தமா படிங்க. பத்து இலக்கத்துல ஒண்ணு இடம் மாறியிருக்கலாம். வெளிநாட்டு ஆப்னா, நாட்டுக் கோட் வேற எதுலயோ நிக்கும். அதை 91-க்கு மாத்துங்க, நம்பருக்கு முன்னாடி சைபர் போடாதீங்க. அப்புறம் மெசேஜ் ஆப்ல 'ஸ்பேம் அண்ட் பிளாக்டு' பெட்டியைத் திறங்க. ஐபோன்காரங்க, தெரியாதவங்க மெசேஜைத் தனியா ஒதுக்குற வசதி ஆன்ல இருக்கான்னு பாருங்க. கோட் அங்கே சமர்த்தா உட்கார்ந்திருக்கும்.

'மச்சி, நான் டி.என்.டி. போட்டிருக்கேன், அதான் வரலை'னு ஒரு குரூப் சொல்லும். 1909-ல பதிவு பண்ணினா விளம்பர மெசேஜ்தான் நிக்கும். ஓ.டி.பி.யை அது தடுக்காது. டி.என்.டி. பாவம், விட்டுடுங்க!

பட்டன்ல இருந்து கையை எடுங்க

கோட் வரலைன்னா கை தானா 'ரீசெண்ட்'டுக்குப் போகும். மூணு தடவை தட்டினா மூணு கோட் கிளம்பும். பெரும்பாலான இடங்கள்ல புதுசு கிளம்பினதும் பழசு செத்துடும். இதுல கூத்து என்னன்னா, மூணும் வரிசையா வந்து சேரணும்னு கட்டாயம் இல்லை. முதல் கோட் கடைசியா வரும், நீங்க அதைப் போடுவீங்க, 'தவறான கோட்'னு காட்டும், மறுபடி தட்டுவீங்க... அப்புறம் ஆப் கடுப்பாகி, 'கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க'னு கதவைச் சாத்திடும். வாட்ஸ்அப்ல திரும்பத் திரும்பக் கேட்டாலும் தப்பாப் போட்டாலும் காத்திருக்கும் நேரம் கூடிக்கிட்டே போகும். ஒரு தடவை கேளுங்க. ரெண்டு மூணு நிமிஷம் பொறுங்க. மறுபடி கேட்டா, கடைசியா கேட்டதுக்கான கோடை மட்டும் போடுங்க.

கோட் வேற வாசல்ல நிக்கும்

டெலிகிராம்ல புது போன்ல லாகின் பண்றீங்க. எஸ்.எம்.எஸ். வரவே வராது. ஏன்னா, உங்க பழைய போன்லயோ லேப்டாப்லயோ டெலிகிராம் ஏற்கெனவே திறந்திருந்தா, கோட் அந்த ஆப்புக்குள்ளேயேதான் முதல்ல போகும். நீங்க வாசல்ல காத்திருக்க, விருந்தாளி கொல்லைப்பக்கமா வந்து ஹால்ல உட்கார்ந்திருப்பார்! சில ஆப்கள்ல 'கால் மீ'னு ஒரு வழி இருக்கும். போன் அடிச்சு, கோடை வாசிச்சுக் காட்டும். சிலது மெயிலுக்கு அனுப்பும். ஸ்கிரீன்ல இருக்கிற அந்தச் சின்ன எழுத்தைப் படிங்க பாஸ்.

யு.பி.ஐ. ஆப் கதை தலைகீழ். முதல்ல பதிவு பண்ணும்போது உங்க போன்ல இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வெளியே போகணும். பேங்க்ல கொடுத்த நம்பரோட சிம் அதே போன்ல இருக்கணும், ரெண்டு சிம்ல சரியானதைத் தேர்ந்தெடுக்கணும், வெளியே மெசேஜ் அனுப்ப பேலன்ஸும் இருக்கணும். கோட் வரலை வரலைன்னு இன்பாக்ஸைப் பார்த்துட்டே இருந்தா, விடிஞ்சுடும்.

சில நாள் உங்க தப்பே இருக்காது

2021 மார்ச் 8, திங்கட்கிழமை. அன்னிக்கு நாடு முழுக்க ஓ.டி.பி. திணறிச்சு. பேங்க், ஷாப்பிங், தடுப்பூசிக்கான கோவின்னு எல்லா இடத்துலயும் ஜனங்க காத்துக் கிடந்தாங்க. காரணம், டிராய் 2018-ல கொண்டுவந்த ஒரு விதி. கம்பெனிகள் தங்களோட பேரையும், அனுப்பப்போற மெசேஜோட வாசக அமைப்பையும் முன்கூட்டியே நெட்வொர்க் கம்பெனிகளோட தளத்துல பதிவு பண்ணணும். பதிவுல இருக்கிறதோட பொருந்தாத மெசேஜை வடிகட்டித் தூக்கிப் போடணும். மோசடி மெசேஜை ஒழிக்கிற நல்ல ஐடியாதான். அன்னிக்கு அந்த வடிகட்டியை ஆன் பண்ணினாங்க. சரியா பதிவு பண்ணாத கம்பெனிகளோட நிஜ ஓ.டி.பி.யும் மோசடி மெசேஜோட சேர்ந்து போயிடுச்சு. மறுநாளே டிராய் அதை 7 நாளைக்கு நிறுத்தி வெச்சது.

அந்த விதி இப்பவும் இருக்கு. ஆப்காரங்க வாசகத்தைக் கொஞ்சம் மாத்திட்டு, பதிவு பண்ண மறந்தாலும் உங்க கோட் பாதி வழியிலேயே காலி. அன்னிக்கு நீங்க மொட்டை மாடியில நின்னாலும், தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னாலும் வராது. உங்க 'ஹாய்' டெஸ்ட் பாஸ், நம்பர் சரி, ஸ்பேம் பெட்டி காலி, நண்பருக்கும் அதே ஆப்ல கோட் வரலைன்னா, விட்டுட்டுத் தூங்குங்க. காலையில பாருங்க. கடைசி நாள் ராத்திரிக்கு எந்த அப்ளிகேஷனையும் தள்ளிப் போடாதீங்கன்னு அம்மா சொன்னா கேட்க மாட்டோம். எஸ்.எம்.எஸ். சென்டர் சொன்னாலாவது கேட்போம்!

குறுக்கு வழி... படு குழி!

இப்போதான் முக்கியமான கட்டம். கோட் வராத கடுப்புல மூணு குறுக்கு வழி கண்ணுக்குத் தெரியும்.

ஒண்ணு, 'இலவச நம்பர்' தளங்கள். அங்கே இருக்கிற நம்பரைக் கொடுத்தா கோட் ஸ்கிரீன்ல வரும். உங்களுக்கு மட்டுமில்லை, அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சிருக்கிற எல்லாருக்கும்! இன்னிக்கு நீங்க உள்ளே போன அதே வழியில, நாளைக்கு 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு அழுத்தி யார் வேணும்னாலும் உள்ளே வரலாம்.

ரெண்டு, கூகுள்ல 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடறது. முதல்ல வர்ற நம்பர் நிஜமானதுன்னு எந்த உத்தரவாதமும் இல்லை. 'சார், ஒரு ஆப் இன்ஸ்டால் பண்ணுங்க, நானே சரி பண்ணித் தர்றேன்'னு தேன் ஒழுகப் பேசினா கட் பண்ணுங்க. உங்க ஸ்கிரீனையே அவங்களுக்குக் காட்டுற ஆப் அது. அடுத்து வர்ற ஓ.டி.பி. உங்களைவிட அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். இப்படிப் பணம் போச்சுன்னா யோசிக்காம 1930-க்கு போன் அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே மடக்க அவ்வளவு வாய்ப்பு.

மூணாவதுதான் நம்ம ஊர் ஸ்பெஷல். 'அண்ணே, என் நம்பருக்கு வரலை, உங்க நம்பரைப் போட்டுக்கங்க!' பிரவுசிங் சென்டர்ல நடக்கிற தினசரி டயலாக். பிளஸ் டூ முடிச்ச கையோட கவுன்சலிங், ஸ்காலர்ஷிப், சான்றிதழ்னு வரிசையா ஃபார்ம். அவசரத்துக்கு அண்ணனோட நம்பர். அண்ணன் நல்லவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா சீட் ஒதுக்கீடு ஆன மெசேஜ் அவர் போனுக்குத்தான் போகும். உறுதி பண்ண வேண்டிய கடைசி நாள்ல ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அன்னிக்குப் பார்த்து அவர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தா? வீட்ல போனே இல்லாம படிச்சு, முதல் பட்டதாரியா வர்ற பிள்ளைங்கதான் இதுல அதிகமா மாட்டுறாங்க. ஒரு சீட்டுங்கிறது அவங்க வீட்டுக்கு என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆறு இலக்கத்துக்கு உங்களைத் தெரியாது. உங்க நம்பரைத்தான் தெரியும். நம்பர் யார் கையில இருக்கோ, அவங்கதான் 'நீங்க'!

பழைய நம்பரைத் தூக்கிப் போடுறவங்களும் கவனிங்க. கனெக்‌ஷன் துண்டிக்கப்பட்டு குறைஞ்சது 90 நாள் ஆனதும் அந்த நம்பரை வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம். உங்க ஆதார், பேங்க், மெயில் எல்லாம் அதுலயே இருந்தா, கோட் அந்தப் புது ஆசாமிக்குப் போகும். ஆஃபருக்கு ஆசைப்பட்டுப் புது சிம் வாங்குறதைவிட, இருக்கிற நம்பரை அப்படியே வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம். 2011-லேயே நாடு முழுக்க வந்துடுச்சே அந்த வசதி!

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு பேப்பர் எடுங்க. ஆதார், பேங்க், மெயில், காலேஜ் போர்ட்டல், ஸ்காலர்ஷிப்... ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எந்த நம்பர் இருக்குன்னு எழுதுங்க. அப்பாவோட பழைய நம்பர், பிரவுசிங் சென்டர் அண்ணன் நம்பர்னு எது இருந்தாலும் இப்பவே மாத்துங்க. ஆதார்ல இருக்கிற நம்பரை ஆதார் சேவை மையத்துல மாத்தலாம். மெயில் மாதிரி முக்கியமான கணக்குகளுக்கு அத்தென்டிகேட்டர் ஆப் வெச்சுக்கங்க. போனுக்குள்ளேயே பெரும்பாலும் 30 செகண்டுக்கு ஒரு கோட் பிறக்கும். சிக்னலும் வேணாம், எஸ்.எம்.எஸ்.ஸும் வேணாம். போன்ல நேரம் மட்டும் சரியா ஓடணும். கூடவே தர்ற பேக்கப் கோடுகளை எழுதி, மார்க் ஷீட் இருக்கிற ஃபைல்ல வெச்சுடுங்க.

அப்புறம் ஒரு சின்ன உதவி. உங்க தெருவுல பிளஸ் டூ படிக்கிற தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா, அவங்க ஃபார்ம்ல எந்த நம்பர் இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சொந்த நம்பர் இல்லைன்னா, அம்மாவோட நம்பரையாவது போட வைங்க. அவங்க வீட்டுக்குள்ளேயே இருக்கிற நம்பரா இருந்தா போதும்.

சரி மக்களே, 60 செகண்ட் முடிஞ்சது. அடுத்த வாரம் பார்ப்போம்!